முள் சொல்வது மெய்யா?
வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஒரு பழைய காரில்



கொழும்பைச் சுற்றிப் பார்த்து எழுதுபவர்கள் காலிமுகத்திடலை எழுதுவார்கள். துறைமுகத்தையும் புறக்கோட்டைக் கடைகளையும் எழுதுவார்கள். இந்நகருக்கென்று இன்னொரு காட்சியும் உண்டு. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் காலை வேளையில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில், தகரக் கூரையின் கீழ், உருண்டைப் பின்புறமும் வட்ட விளக்குகளுமாக ஒரு மொறிஸ் மைனர் நிற்கும். பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும் வயதிலும் அந்த வீட்டுப் பெரியவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால், ஒடுங்கிய தெருவோரம் ஓர் ஒஸ்டின் பொனட்டைத் திறந்தபடி நிற்க, அதற்குள் தலையை விட்டபடி ஒரு பாஸ் வேலை செய்துகொண்டிருப்பார்.

இந்தக் கார்களில் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பலர். நாம் இங்கே பேசப்போவது மிகச் சிறிய ஓர் உறுப்பைப் பற்றி. பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள். பழைய கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “அது வேலை செய்வதில்லை, விட்டுவிட்டோம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வீடுகள் அதிகம். உண்மையில் அந்த முள்ளைத் திருத்துவது பெரும்பாலும் மிக மலிவான வேலை. ஆனால் எங்கே பழுது என்று பார்க்காமலேயே மீற்றரை மாற்றுவதும், அதுவும் சரிவராமல் கைவிடுவதுந்தான் வழமையாகிவிட்டது.

ஆகவே, வாருங்கள். வெள்ளவத்தையில் ஒரு மொறிஸ் மைனரில் ஏறி, காலி வீதி வழியாகக் கொட்டாஞ்சேனை வரை போய் வருவோம். வழி ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். போகிற வழியிலேயே அந்த முள்ளின் கதையையும் பார்த்துவிடலாம்.

ஏன் இத்தனை பழைய கார்கள்?

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் 1959இல் மினி காரைத் தந்தவரும் அவரே. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. அன்றைய இலங்கையில் வைத்தியர், ஆசிரியர், கிளாக்கர் என்று நடுத்தரக் குடும்பங்களின் கார் அதுதான். வாடகைக் காராகவும் கொழும்பில் நெடுங்காலம் ஓடியது.

1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எம் நாட்டுப் பாஸ்மார்களின் கைத்திறன் வளர்ந்தது அந்தப் பஞ்சத்தில்தான். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. என்றாலும் மைனர்கள் மறையவில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், அக்காருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் கையால் அடித்துச் செய்வித்து அங்கு எடுத்தார் என்றால் நம் தொழிலாளரின் கைவண்ணத்தைப் புரிந்துகொள்ளலாம்.

பின்னர் 2020 மார்ச்சில் மறுபடியும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் பாவித்த கார்களின் விலை வானத்துக்கு ஏறியது. முற்றத்தில் மூடிக் கிடந்த மைனர்கள் பல மீண்டும் வீதிக்கு வந்ததும் அப்போதுதான்.

முள்ளின் அருமை தெரிந்த ஆண்டு

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்கமாட்டோம். அவ்வாண்டு தொடக்கத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபாய். ஜூன் மாத இறுதியில் அது 470 ரூபாயானது. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. காலி வீதியிலும் மரைன் டிரைவிலும் இரவு பகலாக வாகனங்கள் வரிசையில் கிடந்தன. வரிசையில் காத்திருந்த முதியவர்கள் உயிரிழந்த செய்திகளையும் படித்தோம். அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது.

அந்த நாட்களில் முள் வேலை செய்யாத காரை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தனி. தாங்கியில் இருப்பது ஆஸ்பத்திரிக்குப் போய்வரப் போதுமா என்று தெரியாது. வரிசையில் நிற்கும்போதே, ஓர் அடி முன்னே, ஓர் அடி முன்னே என்று எஞ்சினை இயக்கி இயக்கி, பெற்றோல் நிலையத்தின் வாசலுக்கு வரும்போது தாங்கி வற்றிப் போனவர்களும் உண்டு. என் அயலில் ஒரு குடும்பம். தாயாருக்கு வாரத்தில் இரண்டு நாள் சிறுநீரகச் சுத்திகரிப்பு. அவர்களிடம் இருந்தது பழைய மைனர் ஒன்றுதான். அதன் முள் எப்போதும் “நிறைந்திருக்கிறது” என்றே காட்டும். மகன் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் காரைக் கையால் குலுக்கி, தாங்கியில் எழும் சத்தத்தைக் கொண்டு கணக்குப் போடுவார். ஒரு நாள் பம்பலப்பிட்டிக்கு அருகே கார் நின்றுவிட்டது. தாயாரை முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு மகன் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு பார்த்தால் பழுது என்ன? துருப்பிடித்த ஓர் இணைப்பு. அதைச் சுரண்டித் துப்புரவாக்க அரை மணித்தியாலங்கூட ஆகவில்லை.

சின்னப் பழுதுதானே என்று விட்டுவிடுவது எங்கே கொண்டுபோய் விடுகிறது பார்த்தீர்களா?

முள் எப்படிப் பேசுகிறது?

பழுதைக் கண்டுபிடிக்குமுன் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். இது பெரிய வித்தை அல்ல.

பெற்றோல் தாங்கிக்குள் ஒரு மிதவை உண்டு. பெற்றோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். மிதவையின் கை, மெல்லிய கம்பி சுற்றிய ஒரு தகட்டின் மேல் உரசிக்கொண்டு நகரும். மிதவை நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்சாரம் கூடுதலாகவோ குறைவாகவோ போகும். இந்த முழு அமைப்பையும் பாஸ்மார் ‘டேங்க் யூனிட்’ என்பார்கள். அதிலிருந்து ஒரு வயர் காரின் முன்பக்கம் மீற்றருக்குப் போகிறது. மீற்றருக்கு இன்னொரு வயர், சாவியைத் திருப்பியதும் பியூஸ் வழியாகப் பெட்டரி மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. மின்சாரம் திரும்பிப் போகும் பாதை காரின் இரும்பு உடம்பு. அதைத்தான் ‘எர்த்’ என்கிறோம்.

ஆக, ஐந்து இடங்கள்: பியூஸ், மீற்றர், வயர், டேங்க் யூனிட், எர்த். பழுது இந்த ஐந்தில் ஒன்றில்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான விடயம். பழைய ஆங்கிலக் கார்களில் இரண்டு ரக மீற்றர்கள் உண்டு. முந்திய ரகத்தில் இரண்டு கம்பிச் சுருள்கள் காந்தமாகி முள்ளை இழுக்கும். சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று துள்ளி எழும். கார் ஆடினால் முள்ளும் ஆடும். ஏறத்தாழ 1960களின் நடுப்பகுதியிலிருந்து வந்த ரகத்தில் சூட்டினால் வளையும் உலோகத் தகடு முள்ளைத் தள்ளுகிறது. அந்த முள் மெதுவாக, சோம்பல் முறிப்பதுபோல எழும். உங்கள் காரில் எது என்று அறிய, சாவியைத் திருப்பிவிட்டு முள்ளைப் பார்த்தால் போதும்.

இதை ஏன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், ஒரே பழுதுக்கு இந்த இரண்டும் நேர்மாறாகப் பேசும். வயர் அறுந்தால் அல்லது எர்த் போய்விட்டால், துள்ளும் முள் “நிறைந்திருக்கிறது” என்று காட்டும். மெதுவாக எழும் முள்ளோ “ஒன்றுமில்லை” என்று காட்டும். இரண்டுமே பொய். ஆனால் இரண்டாவது பொய்யால் வீண் கவலை மட்டும். முதலாவது பொய்தான் நடுவீதியில் நிறுத்திவிடும். என் அயலவரின் கார் சொன்னது அந்த முதலாவது பொய்யைத்தான்.

வெள்ளவத்தையில்: உப்புக் காற்றும் எர்த்தும்

கொழும்பு 6 என்னும் வெள்ளவத்தை, யாழ்ப்பாணத்து மக்கள் நிறைந்து வாழ்வதால் ‘குட்டி யாழ்ப்பாணம்’ என்று பெயர் பெற்ற இடம். நம்மவர்களும் கணிசமாக வாழ்கிறோம். காலி வீதியின் இருபுறமும் புடவைக் கடைகள், மரக்கறிக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். மேற்கே நாலு எட்டு வைத்தால் மரைன் டிரைவ், கரையோர ரயில் பாதை, அதற்கப்பால் கடல்.

இந்தக் கடற்காற்று உடம்புக்கு இதம், இரும்புக்கு எமன். ஜன்னல் கம்பிகள் எவ்வளவு விரைவில் அரித்துப்போகின்றன என்பது இங்கு குடியிருப்போர் அறிந்ததே. மொறிஸ் மைனரின் பெற்றோல் தாங்கி இருப்பது காரின் பின்புறம், டிக்கியின் அடியில். மழைநீரும் சேறும் உப்பும் படியும் இடம். தாங்கிக்கும் காரின் உடம்புக்கும் இடையில் துருவோ புதிதாக அடித்த பெயின்ற்றோ புகுந்துவிட்டால் எர்த் பலவீனமாகிவிடும். ஆகையால் கடலோரக் கார் ஒன்றில் முள் பொய் சொன்னால் முதல் சந்தேகம் எர்த்தின் மேல்தான் விழ வேண்டும்.

சோதிப்பது எப்படி? டிக்கியில் விரித்திருப்பதை எடுத்துவிட்டால் டேங்க் யூனிட்டின் வட்டத் தலை தெரியும். ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையை அந்தத் தலையின் உலோகத்திலும், மறுமுனையை டிக்கிக்கு வெளியே காரின் உடம்பில் துப்புரவான ஓர் இரும்பு இடத்திலும் இறுக்கிக் கட்டுங்கள். இதைச் செய்யும்போது சாவி மூடியிருக்க வேண்டும். பிறகு டிக்கியைக் காற்றாட விட்டு, முன்னால் போய்ச் சாவியைத் திருப்புங்கள். முள் இப்போது சரியான இடத்துக்கு வந்தால் பழுது எர்த்தில். அந்த வயரையே நிரந்தரமாக்கிவிடலாம். பெயின்ற்றைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்படி செய்து, திருகாணியால் இறுக்கி, மேலே சிறிது கிறீஸ் பூசிவிட்டால் வேலை முடிந்தது. செலவு ஒரு முழ வயரும் ஒரு திருகாணியும்.

காலி வீதியில்: பியூஸும் வயரும்

வெள்ளவத்தையை விட்டு வடக்கே போவோம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று காலி வீதி நீள்கிறது. 100, 101 இலக்க பஸ்கள் இடமும் வலமும் உரசிக்கொண்டு போகின்றன. நெரிசலில் ஊர்ந்து போகும்போது செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. திரும்பும் சமிக்ஞை விளக்கு எரிகிறதா? வைப்பர் ஓடுகிறதா? பிரேக் விளக்கு எரிகிறதா? பழைய ஆங்கிலக் கார்களில் சாவியைத் திருப்பியபின் வேலை செய்யும் இவற்றுக்கும் பெற்றோல் மீற்றருக்கும் பெரும்பாலும் ஒரே பியூஸ்தான். எல்லாமே சேர்ந்து படுத்துவிட்டால் மீற்றரைக் குறை சொல்ல வேண்டாம், பியூஸைப் பாருங்கள். மைனரில் அது பொனட்டுக்குள், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் இருக்கிறது. பியூஸ் எரிந்திருக்கவும் தேவையில்லை. அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்விகள் பாசி பிடித்திருந்தாலே போதும். சான்ட் பேப்பரால் இரண்டு தேய்ப்பு.

இந்தக் கார்களில் வயரின் நிறத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பியூஸிலிருந்து வருவது பச்சை. மீற்றரிலிருந்து தாங்கிக்குப் போவது பச்சையில் கறுப்புக் கோடு. மீற்றரின் பின்னால் ‘பி’ என்றும் ‘ரி’ என்றும் எழுத்துகள் இருக்கும். ‘பி’ பெட்டரி, ‘ரி’ டேங்க். ஆனால் அறுபது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் பட்ட காரில் இடையில் எவராவது சிவப்பு வயர் போட்டிருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பாமல் வயரைப் பின்தொடர்ந்து பார்ப்பதே நல்லது.

இனி முக்கியமான சோதனை. சாவியை மூடிவிட்டு, டேங்க் யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றுங்கள். அதன் நுனி எதிலும் படாமல் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். துள்ளும் முள்ளானால் ‘நிறைவு’ என்று காட்ட வேண்டும். மெதுவாக எழும் முள்ளானால் ‘வெறுமை’யிலேயே கிடக்க வேண்டும். மறுபடி சாவியை மூடி, அந்த நுனியைக் காரின் உடம்போடு இணைத்து, சாவியைத் திருப்புங்கள். துள்ளும் முள் ‘வெறுமை’க்கு விழ வேண்டும், மெதுவான முள் ‘நிறைவை’ நோக்கி ஏற வேண்டும். மெதுவான ரகத்தில் முள் ஏறத் தொடங்கியதுமே சாவியை மூடிவிடுங்கள். அப்படியே விட்டால் மீற்றர் எரிந்துபோகும்.

இரண்டு சோதனையிலும் முள் சரியாக நடந்துகொண்டால் மீற்றரும் வயரும் குற்றமற்றவை. பழுது தாங்கிப் பக்கம். முள் அசையவே இல்லையென்றால் பழுது முன்பக்கம். இந்த ஒரு சோதனை பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம் முன்னோர் சொன்னது காருக்கும் பொருந்துகிறது.

மெதுவான ரகம் உள்ள கார்களில் இன்னொன்று. அவற்றில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சிறு டப்பா இருக்கும். பெட்டரியின் 12 வோல்ட்டை ஏறத்தாழ 10 வோல்ட் அளவுக்குக் குறைத்து ஒரே சீராகக் கொடுப்பது அதன் வேலை. பெற்றோல் முள்ளும் எஞ்சின் சூட்டு முள்ளும் இரண்டுமே ஒன்றாகக் கூட்டிக் காட்டினால் அந்த டப்பாவைத்தான் பிடிக்க வேண்டும். அதுவும் எர்த் இல்லாமல் வேலை செய்யாது. புதிதாக இலக்ட்ரோனிக் டப்பா வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மொறிஸ் மைனர் போன்ற கார்களில் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு அது நேர்மாறு. கடையில் கேட்கும்போது அதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

பஞ்சிகாவத்தைக்குத் திரும்புமுன்

காலிமுகத்திடல் வந்துவிட்டது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்த உலாவிடம். இடப்பக்கம் கடல். கோட்டையைத் தாண்டினால் புறக்கோட்டை. இங்கிருந்து மருதானைப் பக்கம் திரும்பினால் பஞ்சிகாவத்தை. வாகன உதிரிப்பாகங்களுக்கு இலங்கை முழுவதற்கும் அதுதான் சந்தை. ஒரு கடையில் கண்ணாடி, மறு கடையில் கதவு, அடுத்ததில் முழு எஞ்சின் என்று அடுக்கியிருப்பார்கள். அங்கே தேடினால் பழைய மீற்றரும் கிடைக்கும், டேங்க் யூனிட்டும் கிடைக்கும்.

ஆனால் சோதனையை முடிக்காமல் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். மீற்றரையும் டேங்க் யூனிட்டையும் ஒரே ரகமாக வாங்க வேண்டும். துள்ளும் ரக மீற்றருக்கு மெதுவான ரக டேங்க் யூனிட்டைப் பூட்டினால் முள் தலைகீழாகப் பேசும். பெற்றோல் நிறைய நிறைய முள் இறங்கும்! புதிதாக வாங்கிப் பூட்டியும் சரிவரவில்லை என்று அலுத்துக்கொள்ளும் பலரின் கதை இதுதான். வாங்கப் போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். கடைக்காரருக்கு அதைக் காட்டுவது ஆயிரம் வார்த்தை பேசுவதற்குச் சமம்.

கொட்டாஞ்சேனையில்: மேடும் மிதவையும்

செட்டியார் தெருவின் நகைக்கடைகளைக் கடந்து கொச்சிக்கடைக்கு வந்தால் புனித அந்தோனியார் ஆலயம். அருகே கருங்கல்லில் எழுந்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். கொழும்பு 13 தொடங்கிவிட்டது. ஜம்பட்டா வீதி, ஒடுங்கிய குறுக்குத் தெருக்கள். சற்று உயரத்தில் ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் முடித்த வுல்வெண்டால் தேவாலயம். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வாசலில் குடியிருக்கும் பகுதி இது. துறைமுகத்துக்கு அண்மையில் இருப்பதால் லொறி, வேன், கார் என்று வாகனங்களை நம்பிப் பிழைப்போர் இங்கு ஏராளம்.

வெள்ளவத்தை சமதரை, கொட்டாஞ்சேனையோ ஏற்றமும் இறக்கமும். மேட்டில் ஏறும்போது தாங்கியில் பெற்றோல் ஒரு பக்கமாகச் சாயும். மிதவையும் அதனோடு போகும். ஆகவே சரிவில் நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. துள்ளும் ரகத்தில் முள் ஆடுவதும் இயல்பு, அது பழுதல்ல. சமதரையில், எஞ்சின் நின்ற பின், சாவியை மட்டும் திருப்பிப் பார்ப்பதே சரியான அளவு.

சமதரையிலும் முள் பொய் சொல்கிறது, முன்பக்கச் சோதனை சரி, எர்த்தும் சரி என்றால், டேங்க் யூனிட்டைக் கழற்றிப் பார்க்கும் கட்டம் வந்துவிட்டது. அங்கே காணக்கூடிய பழுதுகள் மூன்று. ஒன்று, பித்தளை மிதவையில் ஊசித் துளை விழுந்து, அதற்குள் பெற்றோல் புகுந்து மிதவை மூழ்கிவிடுவது. தாங்கி நிறைய இருந்தாலும் முள் எழும்பாது. மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே சலசலக்கும். இரண்டு, மிதவையின் கை துருவில் சிக்கி நிற்பது. முள் ஒரே இடத்தில் நிற்கும். மூன்று, கம்பிச் சுற்று தேய்ந்து அறுந்துபோவது. கையை மெல்ல மேலும் கீழும் அசைத்தபடி மல்டி மீற்றரால் பார்த்தால், ஓரிடத்தில் தொடர்பு விட்டுப்போவது தெரியும்.

துளை விழுந்த மிதவையை ஈயம் வைத்து அடைக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே ஒரு சொட்டுப் பெற்றோல் இருந்தாலும் சூடுபட்டதும் வெடிக்கும். அந்த வேலையை வீட்டில் எவரும் முயல வேண்டாம். புது மிதவையே போட்டுவிடலாம். மீண்டும் பூட்டும்போது தலைக்குக் கீழே புதிய கேஸ்கட் வைக்க மறக்கக் கூடாது. பழையதையே வைத்தால் டிக்கிக்குள் பெற்றோல் வாடை தேங்கும். பிள்ளைகள் பின்னிருக்கையில் அமர்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இல்லத்தரசிகளுக்கும் பிள்ளைகளுக்கும்

தாங்கியைத் திறக்கும் வேலை எப்போதும் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். பெட்டரி வயரை முதலில் கழற்றிவிட வேண்டும். அருகே சிகரெட், அடுப்பு, சாம்பிராணிப் புகை எதுவும் ஆகாது. ‘தாங்கி வெறுமையாகத்தானே இருக்கிறது’ என்று சொல்வோர் உண்டு. நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கியே ஆபத்தானது. அதில் நிறைந்திருப்பது பெற்றோல் ஆவியும் காற்றும். தீப்பற்றுவது அந்தக் கலவைதான். தீக்குச்சி கொளுத்தித் தாங்கிக்குள் எட்டிப் பார்ப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

2022இல் தட்டுப்பாட்டுக்குப் பயந்து போத்தலிலும் கேனிலும் பெற்றோலை வீட்டுக்குள் சேர்த்து வைத்தவர்கள் பலர். அந்தப் பழக்கம் எந்த வீட்டிலாவது இன்னும் இருந்தால், தாய்மாரே, நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

திருத்தும் வரை என்ன செய்வது?

அமெரிக்காவின் புகழ்பெற்ற ஃபோர்ட் மொடல் ‘ரி’ காரில் பெற்றோல் மீற்றரே கிடையாது. முன் ஆசனத்தைத் தூக்கி, தாங்கிக்குள் குச்சியை விட்டுத்தான் அளந்தார்கள். வொக்ஸ்வாகன் ஆமைக் காருக்கும் 1961 வரை முள் இல்லை. சேமிப்புப் பெற்றோலைத் திறக்கும் ஒரு குழாய்தான் இருந்தது. ஆகவே முள் இல்லாமலும் கணக்கோடு ஓட்டலாம். கணக்கில்லாமல் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு சிறு கொப்பியும் பென்சிலும் காரில் வையுங்கள். ஒருமுறை தாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடித்தது, எவ்வளவு ஓடியது என்று எழுதுங்கள். மூன்று தடவை எழுதினால் உங்கள் கார் ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது தெளிவாகிவிடும். பழைய கார்கள் மைலில் எண்ணும். ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர். உதாரணமாக, நகர நெரிசலில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 20 லீற்றர் போட்டால் 200 கிலோமீற்றர், அதாவது 125 மைல். 100 மைல் ஆனதும் பெற்றோல் நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மைனர் 1000 காரின் பிந்திய தாங்கி 6½ கேலன், அதாவது 29 லீற்றருக்குச் சற்று மேல். அதற்கு மேல் கணக்கு வந்தால் எங்கோ தவறு என்று அறியலாம்.

இன்னோர் அறிகுறியும் உண்டு. மைனரில் பெற்றோலை இழுப்பது மின்சாரப் பம்ப். அது ‘டிக், டிக்’ என்று நிதானமாகத் தட்டும். தாங்கி வற்றிக் காற்றை இழுக்கத் தொடங்கினால் அந்தச் சத்தம் நிற்காமல் படபடவென்று அடிக்கும். அதைக் கேட்டதும் ஓரம் கட்டிவிடுங்கள்.

விற்பதாயின்

முள் பழுதான காரை விற்க நேர்ந்தால், வாங்குபவரிடம் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். விற்கும் பொருளில் உள்ள அய்பை மறைக்கக் கூடாது, மறைத்து விற்றால் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பது கொடுக்கல் வாங்கல் பாடத்தில் நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. மாடு, காணி, கப்பல் சரக்கு என்று அந்தப் பாடத்தில் வரும் உதாரணங்களோடு பெற்றோல் முள்ளையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘சின்னப் பழுதுதானே’ என்று விற்பவர் நினைப்பார். அந்தச் சின்னப் பழுதோடு நடுவீதியில் நிற்கப்போவது வாங்கியவரின் குடும்பம்.

அதைவிட நல்லது, திருத்திவிட்டு விற்பது. வழியில் பார்த்ததை வரிசைப்படுத்திச் சொன்னால்: முதலில் பியூஸ், அடுத்து எர்த், பிறகு வயரைக் கழற்றியும் உடம்பில் தொடுத்தும் செய்யும் சோதனை, அதன்பின்தான் தாங்கியைத் திறப்பது, கடைசியாகக் கடை. காசு செலவாகாதது முன்னால், செலவாவது பின்னால். உங்கள் பாஸிடம் காரைக் கொடுக்கும்போது, “மீற்றரை மாற்றுங்கள்” என்று சொல்லாமல், “எர்த்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பாஸ் சிரிப்பார். சிரித்துவிட்டு அதைத்தான் முதலில் பார்ப்பார்.